ஒரே பக்கமா, வேறு பக்கமா? ஜாவாவில் இணைய முகவரிகளை ஒப்பிடும் முறை

அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டைப் பற்றித் தமிழில் இணையத்தில் எழுதப்பட்ட பக்கங்களின் முகவரிகளைத் திரட்டி வைக்க, ஜாவாவில் ஒரு சிறு நிரல் எழுத உட்கார்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். செய்ய வேண்டிய வேலைதான். 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் விதித்த தடை, 2017 ஜனவரிப் போராட்டம், 2023 மே 18 அன்று அரசியல் சாசன அமர்வு தந்த தீர்ப்பு, 2024 ஜனவரி 24 அன்று கீழக்கரையில் திறக்கப்பட்ட ஏறுதழுவுதல் அரங்கம் என்று ஒவ்வொரு கட்டத்திலும் சாதாரண மக்கள் வலைப்பூக்களில் எழுதிக் குவித்திருக்கிறார்கள். அச்சுக்கு வராத எழுத்து அதில் நிறைய உண்டு.

ஒரே பக்கத்தின் முகவரி வாட்ஸ்அப் வழியாகவும், ஃபேஸ்புக் வழியாகவும், தேடுபொறி வழியாகவும் உங்களிடம் வந்து சேரும். இரட்டிப்பை நீக்க வேண்டும். ஜாவாவின் யூஆர்எல் கிளாஸில் ஆப்ஜெக்ட் செய்து ஹாஷ்செட்டில் போட்டுவிட்டால் முடிந்தது என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். நிரலும் பிழை காட்டாமல் ஓடும். ஆனால் பட்டியலிலிருந்து சில பக்கங்கள் சத்தமில்லாமல் காணாமல் போயிருக்கும். பிழைச் செய்தியோடு நின்றுபோகும் நிரலைத் திருத்திக்கொள்ளலாம். சொல்லாமல் தரவைத் தொலைக்கும் நிரலைப் பல மாதம் கழித்துத்தான் கண்டுபிடிப்பீர்கள். இந்த அத்தியாயம் அதைத் தடுப்பதற்கானது.

## கோளாறு எங்கே

யூஆர்எல் கிளாஸ் 1996இல் ஜாவாவின் முதல் பதிப்பிலேயே வந்தது. அதன் ஈக்வல்ஸ் மெத்தட் இரண்டு தளங்களின் பெயரை எழுத்தாக ஒப்பிடுவதில்லை. டிஎன்எஸ் சேவையகத்தை அழைத்து இரண்டு பெயருக்கும் ஐபி முகவரி கேட்கிறது. ஐபி ஒன்றாக இருந்தால் தளமும் ஒன்று என்று முடிவு கட்டுகிறது. பெயருக்கு ஐபி கிடைக்காவிட்டால் மட்டும் பெயர்களை எழுத்தாக ஒப்பிடும். ஹாஷ்கோட் மெத்தடும் இதே வழியில் ஐபியிலிருந்து எண்ணைக் கணக்கிடுகிறது.

1997இல் வெளியான எச்டிடிபி 1.1, உலாவி எந்தத் தளத்தைக் கேட்கிறது என்று பெயரோடு சொல்வதைக் கட்டாயமாக்கியது. அதன்பின் ஒரே ஐபியில் ஆயிரக்கணக்கான தளங்கள் இயங்குவது சாதாரணமாகிவிட்டது. ஐபியை வைத்துத் தளத்தை அடையாளம் காண்பது, ஒரே தொழுவத்தில் கட்டியிருக்கும் ஐந்து காளைகளுக்குத் தொழுவத்தின் கதவெண்ணைப் பார்த்து ஒரே டோக்கன் கொடுப்பது போன்றது. இந்த நடத்தை இன்றைய இணையத்தோடு ஒத்துப்போகவில்லை என்று ஜாவாவின் ஆவணமே ஒப்புக்கொள்கிறது. பழைய நிரல்கள் உடைந்துவிடும் என்பதால் மாற்றாமல் வைத்திருக்கிறார்கள்.

## உங்கள் கணினியிலேயே பாருங்கள்

1. இரண்டு முகவரிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று தமிழ் விக்கிப்பீடியாவில் "மாடு" என்ற தலைப்புக்கானது. மற்றது தமிழ் விக்சனரியில் அதே "மாடு". ஒன்று கலைக்களஞ்சியக் கட்டுரை, மற்றது அகராதிப் பதிவு. தளப் பெயர் மட்டும்தான் வேறு, அதற்குப் பின் வரும் பாதை இரண்டிலும் ஒன்றே.

2. இரண்டையும் யூஆர்எல் ஆப்ஜெக்ட்டாக்கி ஈக்வல்ஸ் கொண்டு ஒப்பிடுங்கள். இரண்டு தளங்களும் விக்கிமீடியாவின் ஒரே முன்வாசல் சேவையகங்களுக்குத்தான் போகின்றன. அதனால் "ஆம், சமம்" என்றே விடை வரும்.

3. இரண்டையும் ஹாஷ்செட்டில் போட்டு எண்ணிக்கை கேளுங்கள். 1 என்று சொல்லும். அகராதிப் பக்கம் போய்விட்டது.

4. நிரலை மூடுங்கள். வைஃபையை அணைத்து, ஒரு நிமிடம் விட்டு மீண்டும் ஓட்டுங்கள். இப்போது எண்ணிக்கை 2. நிரலும் தரவும் மாறவில்லை. இணைய இணைப்பு மட்டும்தான் மாறியது.

5. அதே இரண்டையும் யூஆர்ஐ என்ற மற்றொரு ஜாவா கிளாஸின் ஆப்ஜெக்ட்டாக மாற்றி ஓட்டுங்கள். இணைப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் 2 என்றே வரும்.

நான்காவது படியைத் தவறாமல் செய்யுங்கள். "என் கணினியில் சரியாக ஓடுகிறதே" என்று மணிக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொள்ள வைப்பது இதுதான். ஒரே ஓட்டத்தின் நடுவிலும் இது நேரும். இணைப்பு அறுந்திருந்தபோது செட்டில் போட்ட முகவரிக்குப் பெயரிலிருந்து ஹாஷ் எண் கிடைத்திருக்கும். இணைப்பு வந்தபின் அதே முகவரியைப் புதிய ஆப்ஜெக்ட்டாக்கித் தேடினால் ஐபியிலிருந்து வேறு எண் வரும். செட்டுக்குள் இருக்கும் முகவரியையே "இல்லை" என்று நிரல் சொல்லும். பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படும் நாளில் மோடம் அணைந்து எழுவதே இதற்குப் போதும்.

நம் திரட்டுக்கு மிகப் பெரிய அடி ப்ளாக்ஸ்பாட்டில்தான் விழும். அங்குள்ள வலைப்பூக்கள் எல்லாம் கூகுளின் பொதுவான சேவையகங்களில் இருக்கின்றன. முகப்புப் பக்கங்களின் பாதை எல்லாவற்றுக்கும் ஒரு சாய்கோடுதான். பெயர்களுக்கு ஒரே ஐபி கிடைக்கும் நேரத்தில், நூறு பேருடைய வலைப்பூ முகப்புகளைச் செட்டில் போட்டால் முதலில் வந்தவர் மட்டும் மிஞ்சுவார்.

## இது ஒளிந்திருக்கும் இடங்கள்

ஹாஷ்செட்டையும் ஹாஷ்மேப்பின் சாவியையும் எல்லோரும் பார்த்துவிடுவார்கள். கீழுள்ளவற்றையும் தேடுங்கள்:

- லிஸ்ட்டில் "இருக்கிறதா" என்று கேட்பதும், ஒரு பட்டியலிலிருந்து மற்றொன்றைக் கழிப்பதும் ஈக்வல்ஸைத்தான் அழைக்கின்றன.
- ஸ்ட்ரீமில் டிஸ்டிங்க்ட் போடுவதும் அப்படியே.
- ரெக்கார்டு. "தலைப்பு, முகவரி, தேதி" என்று ஒரு ரெக்கார்டு எழுதி, முகவரியை யூஆர்எல் வகையாக வைத்தால், ஜாவா தானாக எழுதித் தரும் ஈக்வல்ஸ் உள்ளே போய் டிஎன்எஸ்ஸை அழைக்கும். உங்கள் நிரலில் ஈக்வல்ஸ் என்ற சொல்லே இருக்காது. அதனால் கண்ணில் படுவது கடினம்.
- ஜேயூனிட் சோதனையில் இரண்டு யூஆர்எல்களைச் சமம் என்று உறுதிப்படுத்துவது. தவறான நிரலுக்கும் இந்தச் சோதனை "சரி" என்று சொல்லிவிடும்.

குறிப்பு: கண்ணால் தேடுவதோடு நிறுத்தாதீர்கள். ஸ்பாட்பக்ஸ், எரர்ப்ரோன், சோனார்க்யூப் ஆகிய மூன்றிலும் இதற்கென்றே எச்சரிக்கை விதிகள் உண்டு. இன்டெல்லிஜே ஐடியாவிலும் உண்டு. ஏதாவது ஒன்றை இயக்கி வையுங்கள்.

## யூஆர்ஐக்கு மாறினால் போதுமா

பாதி வேலை முடியும். 2002இல் ஜாவா 1.4உடன் வந்த யூஆர்ஐ கிளாஸ் வலையமைப்பைத் தொடுவதே இல்லை. எழுத்தை மட்டுமே ஒப்பிடும். நெறிமுறையிலும் தளப் பெயரிலும் ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைப் பொருட்படுத்தாது. பாதையில் பொருட்படுத்தும். இதெல்லாம் சரியே.

ஆனால் இது மிகக் கறாரானது. கடைசியில் சாய்கோடு இல்லாத தள முகவரியும் சாய்கோடு உள்ளதும் இதற்கு வேறு வேறு. எச்டிடிபிஎஸ்ஸுக்கு இயல்பான 443 என்ற போர்ட் எண்ணை எழுதினால் ஒன்று, எழுதாவிட்டால் மற்றொன்று. முன்பு வெவ்வேறு பக்கங்கள் ஒன்றாயின, இப்போது ஒரே பக்கம் பலவாகும். இரண்டில் இதுவே மேல், ஏனென்றால் எதுவும் தொலையாது. ஆனாலும் வேலை முடியவில்லை. ஒவ்வொரு முகவரியிலிருந்தும் ஒப்பிடுவதற்கென்று ஒரு "சாவி"யை நீங்களே தயாரிக்க வேண்டும்.

## சாவி தயாரிக்கும் வரிசை

வரிசையை மாற்றாதீர்கள். ஒரு படி முந்தினால் அடுத்தது பொய்த்துவிடும்.

1. மூல முகவரியைத் தொடாமல் தனியே வையுங்கள். கீழே செய்வதெல்லாம் நகலின் மேல்தான். பக்கத்தைத் திறக்க எப்போதும் மூலத்தையே பயன்படுத்துங்கள்.

2. நகலின் இரு முனைகளிலும் உள்ள இடைவெளிகளையும், கண்ணுக்குத் தெரியாத சுழி அகலக் குறிகளையும் வெட்டுங்கள். வாட்ஸ்அப்பிலிருந்து ஒட்டும்போது இவை கூடவே வருவதுண்டு. நடுவில் இருப்பதைத் தொட வேண்டாம். "க்‌ஷ" என்று பிரித்து எழுத அதே குறி தமிழில் தேவைப்படுகிறது.

3. சதவீதக் குறியாக மாறிய தமிழைத் திரும்பத் தமிழாக்குங்கள். யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீடு மூன்று பைட். ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியும் இரண்டு பதினாறடிமான இலக்கங்களுமாக எழுதப்படும். "அலங்காநல்லூர்" என்ற பெயரில் 13 குறியீடுகள் உள்ளன. அவை 39 பைட்டுகள், முகவரியில் 117 எழுத்துகள். ஓர் உலாவியிலிருந்து நகலெடுத்தால் அழகான தமிழில் வரும், இன்னொன்றிலிருந்து இந்த நீண்ட தொடராக வரும். யூஆர்ஐ இரண்டையும் வேறு என்றே சொல்லும்.

   மூன்று எச்சரிக்கைகள். முதலாவது, எல்லாக் குறிகளையும் அவிழ்க்காதீர்கள். பைட்டின் மதிப்பு 128 அல்லது அதற்கு மேல் இருப்பவற்றை மட்டும் அவிழ்க்க வேண்டும். சாய்கோட்டையோ கேள்விக்குறியையோ மறைத்து வைத்த குறியை அவிழ்த்தால் முகவரியின் அமைப்பே மாறிவிடும். இரண்டாவது, யூஆர்எல்-டிகோடர் என்ற கிளாஸ் இந்த வேலைக்கு உதவாது. அது படிவங்களுக்கானது, கூட்டல் குறியை இடைவெளியாக்கிவிடும். மூன்றாவதைத்தான் பலர் கவனிப்பதில்லை. டிஸ்கி, டாப் போன்ற பழைய தமிழ்க் குறியேற்றங்களில் இருந்த தளங்களின் முகவரிகள் யூடிஎஃப்-8 ஆக இருக்காது. அவற்றை வலிந்து அவிழ்த்தால் ஜாவா ஒவ்வொரு புரியாத பைட்டுக்கும் ஒரே மாற்றுக்குறியைப் போடும். வெவ்வேறு முகவரிகள் ஒன்றாகிவிடும். அதனால் தவறான பைட் வந்தால் பிழை எழுப்பும்படி டிகோடரை அமைத்து, பிழை வந்தால் அந்தத் துண்டை இருந்தபடியே விடுங்கள்.

4. நார்மலைசர் கிளாஸ் கொண்டு யூனிகோடை என்எஃப்சி வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். "கொ" என்ற எழுத்தில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு அவை வேறு. ஓகாரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதே கதை. கீழக்கரைக்கு இந்தத் தொல்லை இல்லை. "கோட்டை", "கொட்டாம்பட்டி" என்று வரும் ஊர்ப்பெயர்களில் தலைகாட்டும். சதவீதக் குறியை அவிழ்ப்பதற்கு முன் இந்தப் படியைச் செய்தால் பயனில்லை. தமிழ் அப்போது மறைந்திருக்கும்.

5. இப்போது யூஆர்ஐ ஆப்ஜெக்ட் செய்யுங்கள். ஒரே ஒரு சரத்தைப் பெறும் கன்ஸ்ட்ரக்டரையே பயன்படுத்துங்கள். பாதை, வினவல் என்று தனித்தனியாகப் பெறும் கன்ஸ்ட்ரக்டர்கள் சதவீதக் குறியையே மீண்டும் குறியாக்கம் செய்யும். முகவரி இரட்டைக் குறியாக்கமாகிச் செல்லாததாகிவிடும். பிழை எழும் முகவரிகளைத் தனிக் கோப்பில் எழுதி வையுங்கள், வீசிவிடாதீர்கள்.

6. தளப் பெயரைச் சீராக்குங்கள். சிறிய எழுத்தாக்கும்போது லொகேல் ரூட் என்று குறிப்பிடுங்கள். "டாட் இந்தியா", "டாட் இலங்கை", "டாட் சிங்கப்பூர்" என்று தமிழிலேயே முடியும் தளப் பெயர்கள் இருக்கின்றன. அவற்றை யூஆர்ஐ படிக்கும், ஆனால் தளப் பெயர் என்னவென்று கேட்டால் நல் என்று திருப்பித் தரும். அந்த வெறுமையைச் சாவியில் போட்டால் எல்லாத் தமிழ்ப் பெயர்த் தளங்களும் ஒரே தளமாகிவிடும். நல் வந்தால் அத்தாரிட்டி பகுதியை எடுத்து, போர்ட் எண்ணைப் பிரித்து, ஐடிஎன் கிளாஸ் கொண்டு ஆஸ்கி வடிவத்துக்கு மாற்றுங்கள்.

7. இயல்பான போர்ட் எண்ணை (80, 443) அதனதன் நெறிமுறைக்கு மட்டும் நீக்குங்கள். பாதை காலியாக இருந்தால் ஒரு சாய்கோடு இடுங்கள். புள்ளிகளால் ஆன பாதைத் துண்டுகளை நார்மலைஸ் மெத்தட் ஒழுங்குபடுத்தும்.

8. வந்த வழியைக் குறிக்கும் ஒட்டுகளை நீக்குங்கள். யூடிஎம் என்று தொடங்குபவை, ஃபேஸ்புக் சேர்க்கும் கிளிக் அடையாளம், கூகுள் விளம்பரத்தின் கிளிக் அடையாளம் ஆகியவை போதும். பட்டியலில் இல்லாததைத் தொடாதீர்கள்.

9. ஹாஷ் குறிக்குப் பின் வருவதை நீக்குங்கள். அது ஆச்சரியக்குறியோடு தொடங்கினால் மட்டும் விட்டுவிடுங்கள். சில பழைய தளங்களில் பக்கத்தின் அடையாளமே அங்கேதான் இருந்தது.

10. டூ-ஆஸ்கி-ஸ்ட்ரிங் மெத்தட் கொண்டு சரமாக்குங்கள். மிச்சமுள்ள சதவீதக் குறிகளின் பதினாறடிமான எழுத்துகளைப் பெரிய எழுத்தாக்குங்கள். இந்தச் சரம்தான் சாவி.

11. லிங்க்டு-ஹாஷ்மேப்பில் சாவிக்கு எதிரே மூல முகவரிகளின் பட்டியலை வையுங்கள். ஒரே சாவிக்கு இரண்டாவது மூலம் வந்தால் பட்டியலில் சேருங்கள், அழிக்காதீர்கள்.

குறிப்பு: பக்கத்தைத் திறக்க ஜாவா 11இல் வந்த எச்டிடிபி கிளையண்ட் யூஆர்ஐயையே நேராக ஏற்கும். பெரும்பாலான நிரல்களில் யூஆர்எல் ஆப்ஜெக்ட் தேவையே இல்லை. 2023இல் வந்த ஜாவா 20இலிருந்து யூஆர்எல்லின் கன்ஸ்ட்ரக்டர்களும் கைவிடப்பட்டவை என்று குறிக்கப்பட்டுவிட்டன.

## ப்ளாக்ஸ்பாட்டுக்குத் தனி விதி

2012 வாக்கில் கூகுள் இந்திய வாசகர்களை ப்ளாக்ஸ்பாட் டாட் காமிலிருந்து ப்ளாக்ஸ்பாட் டாட் இன்னுக்குத் திருப்பிவிடத் தொடங்கியது. அதனால் 2017 ஜனவரியில் இங்கே பகிரப்பட்ட சுட்டிகளில் "டாட் இன்" நிறைய இருக்கும். ஒரே பதிவு இரண்டு பெயரிலும் உங்களிடம் வரும். 2020இல் அந்த டாட் இன் பெயர் கூகுளின் கையை விட்டுப் போனது. அந்தச் சுட்டிகள் இப்போது வலைப்பூவுக்குப் போவதில்லை. ஐபியை வைத்து இரண்டும் ஒன்று என்று இனி யாராலும் சொல்ல முடியாது. எழுத்தை வைத்துத்தான் சொல்ல முடியும்.

சாவியில் டாட் இன்னை டாட் காம் ஆக்குங்கள். கைப்பேசிப் பதிப்பைக் குறிக்கும் "எம் = 1" என்ற வினவலை நீக்குங்கள். நெறிமுறையை எச்டிடிபிஎஸ் ஆக்குங்கள். இந்த மூன்றும் ப்ளாக்ஸ்பாட்டுக்கு மட்டுமே. திறக்கும்போதும் இங்கே டாட் காம் முகவரியையே திறக்க வேண்டும். முதல் படியில் சொன்ன விதிக்கு இது ஒன்றே விலக்கு.

## அடிக்கடி நடக்கும் தவறுகள்

கேள்விக்குறிக்குப் பின் உள்ளதை முழுவதும் வெட்டுவது. யூடியூபின் வழக்கமான முழு முகவரியில் காணொளியின் அடையாளமே கேள்விக்குறிக்குப் பின்தான் இருக்கிறது. வெட்டினால் வாடிவாசல் காணொளிகள் அத்தனையும் ஒரே சாவியாகிவிடும்.

முழு முகவரியையும் சிறிய எழுத்தாக்குவது. யூடியூபின் 11 எழுத்து அடையாளத்தில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு காணொளிகளைக் குறிக்கும்.

"டபிள்யூடபிள்யூடபிள்யூ" உள்ளதும் இல்லாததும் எங்கும் ஒன்றுதான் என்று எடுத்துக்கொள்வது. பெரும்பாலும் ஒன்றுதான், ஆனால் தளத்துக்குத் தளம் பார்த்து முடிவு செய்ய வேண்டும். சந்தேகம் வந்தால் இரண்டாக வைத்திருங்கள். இரட்டிப்பைப் பிறகு நீக்கலாம், தொலைத்த பக்கத்தை மீட்க வழியில்லை.

## பாதுகாப்பு

யூஆர்எல்லை மேப்பின் சாவியாக வைப்பதில் தரவிழப்பைத் தாண்டியும் ஆபத்து உண்டு. மற்றவர் அனுப்பிய முகவரியைச் செட்டில் போட்ட மாத்திரத்தில் உங்கள் சேவையகம் அவர் சொன்ன பெயரைத் தேடி டிஎன்எஸ் கேள்வி அனுப்புகிறது. அந்தப் பெயரின் டிஎன்எஸ் சேவையகம் அனுப்பியவருடையதாக இருந்தால், உங்கள் நிரல் எப்போது ஓடுகிறது என்று அவருக்குத் தெரிந்துவிடும். ஒய்சோசீரியல் என்ற பாதுகாப்புச் சோதனைக் கருவியில் இதையே பயன்படுத்தும் ஒரு வழி உண்டு. யூஆர்எல்லைச் சாவியாகக் கொண்ட ஹாஷ்மேப்பை சீரியலைஸ் செய்து அனுப்புவார்கள். பெறும் சேவையகம் அதை விரித்ததும் டிஎன்எஸ் கேள்வி வெளியே போகும். அங்கே நம்பத்தகாத தரவு விரிக்கப்படுகிறது என்பது அதிலிருந்து உறுதியாகும். வெளியார் தரும் தரவை ஜாவா சீரியலைசேஷன் வழியாக வாங்கவே வாங்காதீர்கள்.

வேகமும் பாதுகாப்புதான். டிஎன்எஸ் பதில் வரும்வரை அந்தத் த்ரெட் நிற்கும். பதில் தராத பெயர்கள் சில இருந்தாலே சேவையகம் திணறும். நிரல் காரணமில்லாமல் நின்றால் த்ரெட் டம்ப் எடுங்கள். ஹாஷ்மேப்பின் புட் மெத்தடுக்கு மேலே ஐநெட்-அட்ரஸ் என்ற பெயர் தெரிந்தால் காரணம் இதுவே.

## முடிக்கும் முன் ஓட்ட வேண்டிய சோதனைகள்

1. இணைய இணைப்பைத் துண்டித்து எல்லாச் சோதனைகளையும் ஓட்டுங்கள். இணைப்போடு வந்த எண்ணிக்கையே வர வேண்டும்.
2. விக்கிப்பீடியா, விக்சனரி இரண்டிலும் "மாடு": இரண்டு சாவிகள்.
3. "அலங்காநல்லூர்" தமிழிலும், 117 எழுத்துத் தொடராகவும்: ஒரு சாவி.
4. "கொட்டாம்பட்டி" இருவகைக் குறியீட்டிலும், ஒவ்வொன்றும் சதவீதக் குறியோடும் இல்லாமலும்: நான்கு முகவரிகள், ஒரு சாவி.
5. டாட் இந்தியாவில் முடியும் இரண்டு வெவ்வேறு பெயர்கள்: இரண்டு சாவிகள்.
6. எழுத்தளவில் மட்டும் வேறுபடும் இரண்டு யூடியூப் அடையாளங்கள்: இரண்டு சாவிகள்.
7. ஒரு சாவியையே மீண்டும் உள்ளே கொடுங்கள். அதே சாவி திரும்பி வர வேண்டும். வராவிட்டால் எங்கோ இரட்டைக் குறியாக்கம் நடக்கிறது, ஐந்தாம் படியைப் பாருங்கள்.

ஏற்கெனவே யூஆர்எல் செட்டால் திரட்டிய பட்டியல் உங்களிடம் இருந்தால் அதைத் திருத்த முயலாதீர்கள். விடுபட்டவை அதில் இல்லை. உள்ளே வந்த மூலக் கோப்பு, வாட்ஸ்அப் உரையாடல் ஏற்றுமதி, உலாவி வரலாறு என எது கிடைக்கிறதோ அங்கிருந்து முழுவதையும் மீண்டும் ஓட்டுங்கள். பழைய பட்டியலையும் புதியதையும் ஒப்பிட்டு, புதிதாகத் தோன்றும் முகவரிகளை முதலில் திறந்து சேமியுங்கள். அவற்றில் 2017ஐ ஒட்டிய வலைப்பூப் பதிவுகள் இருந்தால் அவற்றுக்கே முன்னுரிமை கொடுங்கள்.